மணியோசையும் கேட்பவர் விருப்பமும்

திருப்பதிக்கு அண்மையில் உள்ள சந்திரகிரிக் கோட்டையைப் பற்றி அப்பகுதி மக்களிடையே ஒரு செய்தி வழங்கி வருகிறது. விஜயநகர மரபைச் சேர்ந்த மன்னர் அங்கே வீற்றிருந்த காலத்தில், திருமலையில் வேங்கடவனுக்கு அமுது படைக்கப்பட்ட பின்னரே தாம் உணவு கொள்வர் என்றும், படைப்பு நிறைவுற்றதும் மலைமேல் ஒலிக்கும் மணியைக் கேட்டு இடைவழி மண்டபத்து மணியும், அதனைக் கேட்டு அடுத்த மண்டபத்து மணியும் ஒலிக்க, அவ்வோசை கோட்டை வரை வந்து சேரும் என்றும் கூறுவர். இதே செய்தியைத் தென்பாண்டி நாட்டார் வீரபாண்டிய கட்டபொம்மன்மேல் ஏற்றிச் சொல்வதை நேயர்களுள் பலர் அறிவீர்கள். அங்கே மணி ஒலித்தது திருச்செந்தூரில், காத்திருந்தவர் பாஞ்சாலங்குறிச்சியில். இவற்றுள் எது வரலாறு, எது அன்பினால் விளைந்த கதை என்று ஆராய்வது இன்றைய பேச்சின் நோக்கம் அன்று. அந்த மணியின் இயல்பை மட்டும் நோக்குவோம். அது ஒரே ஒரு செய்தியைச் சொன்னது; அச்செய்திக்காகக் காத்திருந்தவருக்குச் சொன்னது; சொல்ல வேண்டிய வேளையில் சொல்லிவிட்டு அடங்கிற்று.

இன்று நம் கைப்பேசியிலும் கணினியிலும் ஒவ்வொரு செயலியின் மூலையிலும் ஒரு சிறு மணியின் உருவம் காணப்படுகிறது. அதன் தோள்மீது சிவப்புப் புள்ளி. புள்ளிக்குள் ஓர் எண். அந்த எண் 47 என்றிருந்தால், அந்த நாற்பத்தேழில் நமக்கு வேண்டியது ஒன்றோ இரண்டோ இருக்கலாம். எஞ்சியவை சலுகை விளம்பரங்களும் வாழ்த்துகளும் ஆகும். நாளடைவில் நாம் அந்த மணியைப் பார்ப்பதையே விட்டுவிடுகிறோம். அப்பொழுதுதான் உண்மையில் வேண்டிய அறிவிப்பு அதற்குள் வந்து கிடக்கிறது. ஓர் இணையச் செயலிக்குள் அறிவிப்பு வசதியைச் சேர்ப்பவர், அதனுடன் கேட்பவரின் விருப்பத்தைப் பதிந்து வைக்கும் வசதியையும் சேர்த்தே அமைத்தல் வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே. இவ்விரண்டையும் எவ்வாறு அமைப்பது, அதில் வெளிமாநிலத்தில் வாழும் தமிழர் எதைக் கேட்டுப் பெறல் வேண்டும் என்பன குறித்துச் சில கருத்துகளை இன்று சொல்ல விரும்புகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. திருமலை தரிசனத்துக்குரிய 300 ரூபாய்ச் சிறப்பு நுழைவுச் சீட்டையும், கட்டணச் சேவைகளையும், தங்கும் அறைகளையும் திருமலை திருப்பதி தேவஸ்தானம் இணையத்தின் வழியே வழங்கி வருகிறது. முன்னர் ‘கோவிந்தா’ என்னும் கைப்பேசிச் செயலி இருந்தது. 2023 ஜனவரியில் புதியதொரு செயலி வெளியாயிற்று. அண்மை ஆண்டுகளில் வழக்கமாகச் சிறப்பு நுழைவுச் சீட்டுகள் ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு முன்னரே, மாதந்தோறும் ஒரு குறித்த நாளில் திறந்துவிடப்படுகின்றன. சில சேவைகளுக்குப் பெயர் பதிந்து, மின்னணுக் குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் குறித்த கெடுவுக்குள் பணம் செலுத்துதல் வேண்டும்; தவறினால் கிடைத்த வாய்ப்பு கைநழுவும்.

இனி, தில்லியிலோ நாகபுரியிலோ வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். தரிசனச் சீட்டு மூன்று மாதத்துக்கு முன் கிடைத்துவிடுகிறது. இரயில் முன்பதிவோ, 2024 நவம்பர் 1 முதல், 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே தரிசனச் சீட்டைப் பெற்ற ஒரு மாதத்துக்குப் பிறகே இரயிலுக்கு எழுதிக்கொள்ள இயலும். அந்த ஒரு மாத இடைவெளியில் மறதி புகுந்துகொள்கிறது. ‘தாங்கள் குறித்த நாளுக்கு இன்னும் 60 நாட்கள்’ என்னும் ஒரு வரி அந்த நாளில் வந்துசேருமாயின் அது எத்துணை பெரிய உதவி! அதே வரி சித்தூரில் வாழ்பவருக்குத் தேவையற்ற தொல்லை. அவர் காலையில் பேருந்தில் ஏறினால் சில மணி நேரத்தில் மலையடிவாரத்தை அடைந்துவிடுவார். ஒரே செய்தி ஒருவருக்கு உதவியாகவும் மற்றவருக்குத் தொல்லையாகவும் இருப்பதைச் செயலி தானே ஊகித்து அறிய இயலாது. கேட்டுத்தான் அறிய வேண்டும்.

குறுஞ்செய்தி இருக்கும்போது செயலிக்குள்ளேயே அறிவிப்பு எதற்கு என்று வினவுவோர் உளர். தமிழைப் பொறுத்தவரை இதற்கு விடை எளிது. ஆங்கில எழுத்துகளாயின் ஒரு குறுஞ்செய்தியில் 160 குறிகள் அடங்கும். தமிழ் எழுத்துகளாயின் 70 மட்டுமே. அந்த எழுபதும் நாம் எண்ணும் எழுத்துகள் அல்ல. ‘திருப்பதி’ என்னும் சொல்லில் நம் செவிக்கும் இலக்கணத்துக்கும் 5 எழுத்துகள். கணினியோ தகரத்தைத் தனியாகவும் இகரக் குறியைத் தனியாகவும், பகரத்தைத் தனியாகவும் புள்ளியைத் தனியாகவும் எண்ணி 9 என்கிறது. ‘சித்தூர்’ 4 எழுத்து. கணினியின் கணக்கில் 8. இந்த முறையில் ஒரு குறுஞ்செய்திக்குள் நாற்பது எழுத்தளவே தமிழ் அடங்கும். மிஞ்சினால் இரண்டாவது செய்தி, மூன்றாவது செய்தி எனக் கட்டணம் பெருகும். நிறுவனங்கள் தமிழை விட்டு ஆங்கிலத்திலேயே செய்தி விடுப்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம் ஆகும். செயலிக்குள் தோன்றும் அறிவிப்புக்கு இத்தகைய அளவுக் கட்டுப்பாடு இல்லை. நான்கு வரியும் எழுதலாம், வரைபடத்தையும் இணைக்கலாம், படித்தாயிற்றா என்பதையும் அறியலாம்.

அதனை அமைக்கும் முறையைச் சுருங்கச் சொல்கிறேன். மென்பொருள் கல்லாத நேயர்களும் இதனை அஞ்சல் நிலையத்துப் பதிவேட்டைப் போல எண்ணிக்கொள்ளலாம். ஒரு நிகழ்ச்சி நடக்கிறது. சீட்டு உறுதியாயிற்று என வைத்துக்கொள்வோம். உடனே அதனை எல்லாத் திசையிலும் கூவிவிடக் கூடாது. முதலில் தரவுத்தளத்தில் ஒரு பதிவு இடுதல் வேண்டும்: யாருக்கு, எந்த வகைச் செய்தி, அதற்குரிய விவரங்கள் எவை, எப்பொழுது எழுந்தது, எப்பொழுது படிக்கப்பட்டது என்னும் ஐந்தும் அதில் இருத்தல் வேண்டும். படித்த நேரத்துக்குரிய கட்டம் வெறுமையாக இருக்கும்வரை அந்தச் செய்தி மணியின் எண்ணிக்கையில் சேரும். கைப்பேசியில் படித்துவிட்டால் கணினியிலும் எண் குறைதல் வேண்டும். எனவே எண்ணிக்கை ஒரே பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட வேண்டுமேயன்றிக் கருவிதோறும் தனித்தனியே வைத்துக்கொள்ளலாகாது. இணைப்பு அறுந்து அதே நிகழ்ச்சி இருமுறை பதிவாகி, ‘பணம் பெறப்பட்டது’ என்று இரண்டு அறிவிப்புகள் வந்தால், இரண்டு முறை பணம் போயிற்றோ என்று பயணி கலங்குவார். ஆதலின் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனி அடையாளம் ஒன்று தந்து, அதே அடையாளத்துடன் வரும் இரண்டாம் பதிவைத் தள்ளிவிடும்படி செய்தல் வேண்டும்.

இங்கே முக்கியமான நுட்பம் ஒன்று உண்டு. பதிவேட்டில் முடிந்த வாக்கியத்தை எழுதி வைக்கக் கூடாது. வகையையும் விவரங்களையும் மட்டுமே வைத்து, காட்டும் நேரத்தில் பயனர் வேண்டும் மொழியில் வாக்கியத்தை உருவாக்குதல் வேண்டும். அவ்வாறு செய்தால், ஆங்கிலத்தில் கணக்குத் தொடங்கியவர் பின்னொரு நாள் தமிழைத் தெரிவு செய்யும்போது பழைய அறிவிப்புகளும் தமிழிலேயே தோன்றும்.

இதைச் சொல்லும்போதே மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு வேறொரு கவலையும் எழுகிறது. வாக்கியத்தை உருவாக்கும் வேலையை இயந்திரத்திடம் விட்டால் அது தமிழின் வேற்றுமை உருபுகளைப் பொருத்துவது எவ்வாறு? தெலுங்கில் இது பெருஞ்சிக்கல் அன்று. ஊர்ப்பெயரை நிறுத்தி ‘லோ’ என்பதைச் சேர்த்தால் போதும்: திருப்பதிலோ, சித்தூருலோ, காணிப்பாக்கம்லோ. ஆங்கிலத்தில் முன்னிடைச் சொல் ஒன்று போதும். தமிழிலோ ‘இல்’ உருபு சேரும்போது திருப்பதி ‘திருப்பதியில்’ என யகரம் பெறும். சித்தூர் ‘சித்தூரில்’ எனக் கலந்துவிடும். காணிப்பாக்கம் ‘காணிப்பாக்கத்தில்’ என ஈறு திரிந்து அத்துச் சாரியை பெறும். ஊர்ப்பெயருக்கு வெற்றிடம் விட்டு, அதன்பின் ‘இல்’ என்று ஒட்டி வைத்த வாய்பாடு ‘காணிப்பாக்கம்இல்’ என்று அச்சிடும். தெலுங்கையோ ஆங்கிலத்தையோ முன்னே வைத்துச் செயலியை வகுத்தவர்க்கு இந்தக் குறை கண்ணில் படுவதே இல்லை. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒவ்வொரு ஊர்ப்பெயருக்கும் வேற்றுமை வடிவங்களைத் தனியே எழுதித் தருதல் ஒன்று. ‘இடம்: காணிப்பாக்கம்’ என்று பெயரை எழுவாய் வடிவிலேயே நிற்கச் செய்து வாக்கியத்தை மாற்றி அமைத்தல் மற்றொன்று. ஊர்கள் சிலவாயின் முன்னதே சிறந்தது. மக்கட் பெயர்களுக்குப் பின்னது ஒன்றே வழி.

எண்ணும் இத்தகையதே. ‘1 சீட்டுகள் உறுதியாயின’ என்று காட்டும் செயலிகளை நாம் கண்டிருக்கிறோம். ஒருமைக்கு ஒரு வாக்கியமும் பன்மைக்கு ஒரு வாக்கியமும் முழுமையாக எழுதித் தருவதே முறை. ‘கள்’ விகுதியை மட்டும் கழற்றியும் மாட்டியும் விட்டால் வினைமுற்று பொருந்தாது. ‘நாளை காலை வருக’ என்பதும் வேண்டாம். அந்த அறிவிப்பை நாளை மறுநாள் திறந்து படிப்பவர்க்கு அது பொய்யாகிவிடும். நாளும் தேதியும் தருதல் நலம்.

சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘ப்ரிஃபரன்ஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து, ‘உங்கள் முன்னுரிமைகள் சேமிக்கப்பட்டன’ என்று எழுதுவோர் உளர். முன்னுரிமை என்பது வரிசையில் ஒருவரை முன்னே நிறுத்துவது. திருப்பதி சீட்டு பதியும் செயலியில் அத்தகைய வாக்கியத்தைக் கண்ட எளியவர் தமக்கு ஏதோ தனிச்சலுகை கிடைத்தது என்று நம்பிவிடக் கூடும்! ‘விருப்பங்கள்’ என்று எழுதினால் தீர்ந்தது. ‘மியூட்’ என்பதற்கு ‘ஊமையாக்கு’ என்பதினும் ‘ஒலி வேண்டாம்’ என்பது கேட்க இனிதாக இருக்கிறது.

இனி மொழி விருப்பத்தைப் பற்றி. தேவஸ்தானம் வெளியிடும் ‘சப்தகிரி’ இதழ் தெலுங்கு, தமிழ், கன்னடம், இந்தி, ஆங்கிலம், சமஸ்கிருதம் ஆகிய மொழிகளில் வருகிறது. சந்தா செலுத்துபவர் எந்த மொழி இதழ் வேண்டும் என்று குறித்தல் வேண்டும். அவர் பெயரைக் கொண்டோ ஊரைக் கொண்டோ எவரும் ஊகிப்பதில்லை. கணினி தோன்றுவதற்கு முன்பிருந்தே இதழ் அலுவலகங்கள் நடத்தி வந்த இந்த முறை, பல இணையச் செயலிகளில் காணாமற் போய்விட்டது. கைப்பேசி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநில மொழியை அவை தாமே சூட்டிவிடுகின்றன. அல்லது கைப்பேசியின் பொதுமொழி ஆங்கிலமாயின் எல்லாம் ஆங்கிலம்.

இது நம்மவர்க்கு எவ்வாறு பொருந்தும் என்று பாருங்கள். குப்பத்திலும் நகரியிலும் வாழும் தமிழ்க் குடும்பத்தினர் வீட்டில் பேசுவது தமிழ். பள்ளியில் தெலுங்கு பயின்ற இளையோர்க்குப் படிக்க எளியது தெலுங்கு. தில்லியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பாட்டியுடன் தமிழில் உரையாடுவர். தமிழ் எழுத்தைக் கூட்டி வாசிக்க இடர்ப்படுவர். பெங்களூரில் முப்பது ஆண்டு வாழ்ந்து ஓய்வு பெற்றவருக்கோ ஆங்கிலமும் கன்னடமும் தெரிந்திருந்தும், கோவிலைச் சார்ந்த செய்தி தமிழில் வந்தால்தான் மனம் நிறைகிறது. இவர்களுள் எவருடைய மொழியையும் முகவரியைக் கொண்டு கண்டறிய இயலாது. ஒரே கணக்கில் குடும்பத்தார் பலர் பெயர்கள் பதிவாகும்போது, மொழி விருப்பம் கணக்குக்கு ஒன்றாக அமையாமல் ஆளுக்கு ஒன்றாக அமைதல் வேண்டும். பாட்டிக்குத் தமிழும் பேரனுக்கு ஆங்கிலமும் போய்ச் சேர வேண்டும். தமிழைக் கேட்டுப் புரிந்துகொண்டு படிக்க மாட்டாதவர்க்கு, அறிவிப்பைக் குரலில் ஒலிக்கும் வசதியும் ஒரு விருப்பமாக இருத்தல் நன்று. இதனை நான் ஆடம்பரம் என்று கருதவில்லை.

விருப்பப் பதிவை ஓர் அட்டவணையாகக் கொள்வது எளிது. இடப்பக்கம் செய்தி வகைகள்: சீட்டு உறுதி, பணம் திரும்பப் பெறுதல், நினைவூட்டல், திருவிழா அறிவிப்பு, நன்கொடை வேண்டுகோள் என்பன. மேற்பக்கம் வழிகள்: செயலியின் உள்ளே, கைப்பேசித் திரையில், குறுஞ்செய்தி, மின்னஞ்சல் என்பன. ஒவ்வொரு கட்டத்திலும் வேண்டும், வேண்டாம் என்னும் குறி. இந்தக் கட்டங்கள் அனைத்தையும் ஒவ்வொருவர் பெயரிலும் நிரப்பி வைக்க வேண்டியதில்லை. பொது ஏற்பாடு ஒன்றை வகுத்து, அதிலிருந்து ஒருவர் விலகிய இடங்களை மட்டும் பதிந்தால் போதும். பின்னர் புதிய செய்தி வகை ஒன்று சேரும்பொழுது அனைவருடைய பதிவையும் திருத்தும் வேலை மிஞ்சாது. செய்தியை விடுக்கும் கணத்தில் அட்டவணையைப் பார்த்தல் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காலையில் உருவான செய்தியை மாலையில் விடுக்கும்போது, நண்பகலில் ஒருவர் ‘வேண்டாம்’ என்று குறித்திருந்தால் அந்தக் குறியே செல்லும்.

இதற்கு முன்மாதிரி நம் நாட்டிலேயே உண்டு. விளம்பர அழைப்புகளை வேண்டாதவர் பெயரைப் பதியும் தேசியப் பதிவேடு 2007-இல் தொடங்கிற்று. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2010-இல் வகுத்த விதிகள், வங்கி, மனை விற்பனை, கல்வி, உடல்நலம் என வகை பிரித்து, எந்த வகை வேண்டும் என்று 1909 எண்ணில் தெரிவிக்கும் உரிமையை அளித்தன. 2018-இன் விதிகள் இன்னும் ஒரு படி சென்று, எந்த நேரத்தில், எந்த நாளில், குரலாகவா எழுத்தாகவா என்பதையும் கேட்பவர் தெரிவுக்கு உட்படுத்தின. ஒரு தேசம் முழுவதற்கும் வகுத்த இந்த அட்டவணையை ஒரு சிறு செயலி தனக்குள் வகுத்துக்கொள்ள இயலாது என்று சொல்வது பொருந்தாது.

ஆயினும் எல்லாவற்றையும் கேட்பவர் விருப்பத்துக்கே விட்டுவிடல் ஆகுமா? ஆகாது. 2020 மார்ச் மாதத்தில் பெருந்தொற்றின் காரணமாகத் திருமலையில் பொதுமக்கள் தரிசனம் நிறுத்தப்பட்டது. 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் மலைப்பாதைகள் சேதமுற்றன. வர இயலாமற் போனவர்க்கு வேறு நாளைத் தெரிவு செய்துகொள்ளும் வாய்ப்பு அளிக்கப்பட்டது. இத்தகைய செய்திகள், ‘நினைவூட்டல் வேண்டாம்’ என்று என்றோ ஒரு நாள் சலிப்பினால் குறித்தவருக்கும் சென்று சேர்தல் வேண்டும். பயணம் தடைப்பட்டது, நாள் மாறிற்று, இடம் மாறிற்று, பணம் திரும்புகிறது என்னும் இவை நான்கும் விருப்ப அட்டவணையில் மாற்ற இயலாத வரிகளாக நிற்றல் வேண்டும். அவை ஏன் மாற்ற இயலாதவை என்பதற்கு ஒரு வரி விளக்கமும் அருகே இருத்தல் வேண்டும். எதைச் சொல்ல வேண்டும் என்பது நிறுவனத்தின் கடமை. எந்த வழியில், எம்மொழியில் சொல்ல வேண்டும் என்பதே கேட்பவர் உரிமை. கட்டாயம் என்னும் இந்தச் சலுகையை எடுத்துக்கொண்டு, அதன் வாலில் விளம்பரத்தைக் கட்டி அனுப்புவதைப் போன்ற நம்பிக்கைக் கேடு வேறில்லை.

2025 ஜனவரி 8-ஆம் நாள் இரவு, வைகுண்ட வாயில் தரிசனத்துக்குரிய அனுமதிச் சீட்டுகள் மறுநாள் விடியலில் வழங்கப்படும் என்று அறிந்து திருப்பதி நகரில் திரண்டிருந்த கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு 6 பேர் உயிரிழந்தனர். தமிழ்நாட்டிலிருந்து வந்த அடியாரும் அவர்களுள் இருந்தார். ஒரு செயலி இருந்திருந்தால் அந்தத் துயரம் நேர்ந்திராது என்று சொல்ல நான் துணியேன். கூட்டத்தை நெறிப்படுத்துவது பல துறைகளைச் சார்ந்த பணி. அடுத்து வந்த வைகுண்ட ஏகாதசி 2025 டிசம்பர் 30-இல் அமைந்தது. அந்த முதல் மூன்று நாட்களுக்கு நேரில் சீட்டு வழங்குவதை விடுத்து, முன்னரே இணையத்தில் பெயர் பதிந்து மின்னணுக் குலுக்கலில் தேர்வு செய்யும் முறை கொண்டுவரப்பட்டது. அந்த முறையில் ‘நீங்கள் தேர்வாயினீர்கள்’ என்பதைப் போலவே ‘நீங்கள் தேர்வாகவில்லை, இந்த நாட்களில் பயணம் புறப்பட வேண்டாம்’ என்னும் அறிவிப்பும் இன்றியமையாதது ஆகிறது. இல்லை என்னும் செய்தியைச் சொல்ல நிறுவனங்கள் தயங்குவது வழக்கம். சொல்லாமல் விட்டால், ஒருவேளை கிடைத்திருக்குமோ என்று நூறு கல் தொலைவிலிருந்து குழந்தைகளுடன் ஒருவர் புறப்பட்டு வருவார்.

விருப்பம் ஒருமுறை பதிந்தால் என்றும் நிலைக்கும் என்று எண்ணுவதும் பிழை. 1911-இல் உருவான சித்தூர் மாவட்டத்திலிருந்து 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022 ஏப்ரல் 4-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. காளத்தி அதனுடன் சென்றது. காணிப்பாக்கமும் குப்பமும் சித்தூரிலேயே நின்றன. ‘சித்தூர் மாவட்ட மழை, சாலைச் செய்திகள் வேண்டும்’ என்று 2021-இல் குறித்த காளத்தி வாசிக்கு, அந்தக் குறி 2022-க்குப் பின் பயன்படாது; அவர் ஊர்ச் செய்தி திருப்பதி என்னும் தலைப்பின்கீழ் வேறு எவருக்கோ சென்றுகொண்டிருக்கும். மாவட்டத்தின் பெயரைச் சேமிப்பதைவிட ஊரின் பெயரைச் சேமித்தால் இத்தகைய பிரிவினைகளைத் தாங்கலாம். எல்லை மாறும்போது, ‘தங்கள் ஊர் இனி இந்த மாவட்டம், செய்திகளை அவ்வாறே மாற்றலாமா?’ என்று செயலி ஒருமுறை கேட்டுவிடுதல் இன்னும் நன்று.

சட்டமும் இப்பொழுது இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இசைவு கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழி எதிலேனுமோ பெறும் வாய்ப்பு மக்களுக்கு இருத்தல் வேண்டும் என்கிறது. இசைவு தருவது எத்துணை எளிதோ அத்துணை எளிதாக அதனைத் திரும்பப் பெறவும் வழி வேண்டும் என்பதும் அதன் விதி. அதற்குரிய நடைமுறை விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன; அவை படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டுள்ளன. எட்டாம் அட்டவணையில் தமிழ் உண்டு. ஆகவே புவனேசுவரத்தில் இருந்துகொண்டும் அந்த அறிவிப்பைத் தமிழில் கேட்பது நம் உரிமையாகிறது. உலக அளவிலும் இதே போக்குத்தான். 2020 ஜனவரியில் வெளியான பயர்ஃபாக்ஸ் உலாவி, பயனர் எதையும் தொடாதபோதே ‘அறிவிப்பு அனுப்பலாமா?’ என்று தளங்கள் எழுப்பும் வினாக்களை அடக்கி வைத்தது. 2022-இன் ஆண்ட்ராய்டு 13 முதல், புதிதாக நிறுவும் செயலி இசைவு பெற்ற பின்னரே திரையில் அறிவிப்பு இடலாம். எனவே நுழைந்த கணத்திலேயே இசைவு கேட்காமல், சீட்டைப் பதிந்து முடித்த வேளையில், ‘இதில் மாற்றம் நேர்ந்தால் தெரிவிக்கலாமா?’ என்று கேட்கும் செயலிக்கே ‘ஆம்’ என்னும் விடை கிடைக்கும்.

அறிவிப்பு திரைக்கு வந்து சேரும் வழியைப் பற்றியும் சிறிது சொல்லுதல் வேண்டும். எளிய முறை, பயனரின் பக்கம் குறித்த இடைவெளியில் ‘புதிதாக ஏதேனும் உண்டா?’ என்று சர்வரைக் கேட்டுக்கொண்டே இருப்பது. சிறு செயலிக்கு இது போதும். ஆனால் சீட்டு திறக்கும் காலை வேளையில் ஒரு லட்சம் பேர் காத்திருக்கிறார்கள் என்று கணக்குக்காகக் கொண்டால், ஒவ்வொருவர் பக்கமும் 10 விநாடிக்கு ஒருமுறை கேட்குமாயின் விநாடிக்கு 10,000 வினாக்கள் எழும். சீட்டு வழங்க வேண்டிய சர்வர் ‘இல்லை, இல்லை’ என்று விடை கூறியே களைத்துப்போகும். திறந்த இணைப்பு ஒன்றை வைத்துக்கொண்டு செய்தி எழும்பொழுது மட்டும் சர்வர் தானே அனுப்பும் முறை இதனினும் மேலானது. அறிவிப்புப் பணியைச் சீட்டு வழங்கும் பணியிலிருந்து வேறு சர்வருக்குப் பிரித்துவிடுவது அதனினும் பாதுகாப்பு.

எஞ்சியிருப்பது பூட்டிய திரை. கைப்பேசி மேசைமேல் கிடக்கும்பொழுது அறிவிப்பின் முதல் சில சொற்களே வெளியே தெரிகின்றன. அவற்றை அருகில் இருப்பவர் எவரும் படிக்கலாம். ஆதலின் ஆதார் எண்ணோ பணத்தொகையோ அங்கே தோன்றலாகாது. அவை செயலியைத் திறந்த பின்னரே தெரிய வேண்டியவை. தமிழில் கடிதம் எழுதும் பழக்கத்தால் நாம், ‘அன்புடையீர், தாங்கள் எமது தளத்தின் வாயிலாகப் பதிவு செய்துள்ள தரிசனம் தொடர்பாகத் தங்களுக்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்’ என்று தொடங்கிவிடுகிறோம். பூட்டிய திரையில் ‘அன்புடையீர், தாங்கள் எமது’ என்பதோடு செய்தி நின்றுவிடும். ‘நுழைவு இடம் மாறியது. மார்ச் 14, காலை 9 மணி. முழு விவரம் உள்ளே’ என்று எழுதினால் முதல் மூன்று சொற்களிலேயே செய்தி போய்ச் சேர்கிறது. மரியாதையை உள்ளே திறந்த பின்னர் விரிவாகச் சொல்லிக்கொள்ளலாம். எழுதிய ஒவ்வோர் அறிவிப்பையும் சிறிய கைப்பேசி ஒன்றின் பூட்டிய திரையில், தமிழிலும் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் இட்டுப் பார்த்த பின்னரே வெளியிடுதல் வேண்டும். எழுதியவரின் மேசைக் கணினியிலோ நான்கு வரிகளும் குறைவின்றித் தெரியும்.